மடி இருக்கையான கதை

அகத்திணையியல் பாடம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு நூற்பாவின் முன்னால் என் வகுப்பு நின்றுவிடும். கடல் கடக்கும் பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியர் சொல்லும் இடம் அது. நச்சினார்க்கினியர் அதைக் கடலாகவே கொள்ளாமல் வேறு பொருள் சொல்லிப் பார்க்கிறார். நான் இரண்டு உரைகளையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் திரேஸ்புரத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அப்ப எங்க பாட்டி எப்படி மேடம் கொழும்புக்குப் போனாங்க?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒருத்தி போயிருக்கிறாள்.

என் அம்மாவின் ஆச்சி, எனக்குப் பூட்டி, 1920களில் பதினொரு மாதப் பிள்ளையோடு தூத்துக்குடியில் கப்பலேறியவள். பூட்டனார் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைதான் என் ஆச்சி. அவளுக்கு அந்தப் பயணம் நினைவிருக்க வழியில்லை. ஆனாலும் தன் அம்மா சொன்னதை அப்படியே எனக்குச் சொல்வாள்: "முதுகைக் கொழும்புக்குக் காட்டி, மூஞ்சிய ஊருக்குக் காட்டி உக்காந்தேன். காத்தும் தண்ணியும் எம் முதுகுல அடிச்சாப் போதும், புள்ள மேல அடிக்கக் கூடாதுல்லா. சேலைய எடுத்து அவள என் இடுப்போட கெட்டிக்கிட்டேன்." பனிமய மாதா கோயில் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே போனாளாம். யாரும் அவளுக்கு இந்தப் பக்கம் திரும்பி உட்கார் என்று சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே இருக்கையே இல்லை. பாயை விரித்த இடம்தான் இடம்.

இந்தக் கட்டுரை அந்த இல்லாத இருக்கையைப் பற்றியது.

இன்றைக்கு வ.உ.சி. துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் தளத்தை ஒட்டி வந்து நிற்கின்றன. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் சிதம்பரனார் பெயரைப் பெற்ற இந்தத் துறைமுகத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டியின் பயணத்தைக் கற்பனை செய்தால் தவறாகிவிடும். பழைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. நீராவிக் கப்பல் கரையிலிருந்து மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய், ஆடுகிற படகிலிருந்து ஆடுகிற கப்பலின் ஏணியைப் பிடிக்க வேண்டும். சேலைக்கட்டு, இடுப்பில் பிள்ளை, ஒரு கையில் மூட்டை. ஏணியைப் பிடிக்க எந்தக் கை மிச்சம்?

சுதேசிக் கப்பலின் கதையை எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடமாக்கிவிடுவார்கள். 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது; பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907இல் காலியாவும் லாவோவும் வந்து சேர்ந்தன. கப்பல் வாங்க வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டபோது மூத்த மகன் உலகநாதன் நோயில் கிடந்தான், மனைவி மீனாட்சி அம்மாள் நிறைமாதமாக இருந்தார். வரலாற்று நூல்களில் இது அவருடைய தியாகத்துக்குச் சான்றாக வருகிறது. தியாகம்தான், மறுக்கவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, வயிற்றில் இன்னொன்றோடு, வீட்டில் இருந்தவரின் கணக்கு எந்தப் பக்கத்தில் வருகிறது என்றுதான் தேடுகிறேன்.

காலியாவின் உட்புற ஏற்பாடு பற்றி அடிக்கடி சொல்லப்படும் எண்கள் இவை: முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரணப் பயணிகள் 1,300 பேர், சரக்கு 4,000 மூட்டை. நாட்டுப்பற்றோடு படித்தால் பெருமையாக இருக்கும். உட்காரும் இடம் தேடிப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. 66 பேருக்கு அறையும் படுக்கையும். 1,300 பேருக்குத் தளம். பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனியின் கப்பலிலும் இதே விகிதம்தான் இருந்திருக்கும். போட்டியில் அவர்கள் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது, இலவசமாகக் குடை கொடுத்தது எல்லாம் ஊரறிந்த கதை. தளத்தில் வெயிலிலும் சாரலிலும் உட்காரப் போகிறவருக்குக் குடையைக் கொடுப்பதில் ஒரு குரூரமான நியாயமும் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு அந்தக் குடையும் கிடையாது. தட்டப்பாறை முகாமில் நோய்த்தடைக் காவலில் நாட்களைக் கழித்து, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். 1914இல் தனுஷ்கோடி-தலைமன்னார் வழி திறக்கும்வரை இலங்கைக்குப் போன பெருங்கூட்டத்தில் கணிசமானோர் தூத்துக்குடி வழியாகத்தான் போனார்கள். மற்ற காலனிகளுக்குப் போன கூலிக் கூட்டங்களைவிட இலங்கைக்குப் போனதில் பெண்கள் அதிகம், குழந்தைகளும் அதிகம். கொழுந்து பறிக்கப் பெண் விரல் வேண்டும் என்று துரைமார் கண்டுபிடித்திருந்தார்கள். விரல் வேண்டும். விரல் பிடித்திருக்கும் பிள்ளைக்குக் கப்பலில் எவ்வளவு இடம் வேண்டும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் இந்திய வணிகக் கப்பல் சட்டம் 'பயணி' யார் என்று வரையறுத்தபோது, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை அந்தச் சொல்லிலிருந்தே விலக்கிவிட்டது. பூட்டி சென்ற காலத்துக்கு முப்பதாண்டு பிந்திய, சுதந்திர இந்தியாவின் சட்டம் இது. பதினொரு மாத ஆச்சி அதன்படியும் பயணி அல்ல. அவளுக்கான இடமும் அதனால் அளக்கப்பட வேண்டியதில்லை.

டைட்டானிக் மூழ்கிய பிறகு கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கென்று உலக நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன என்று நாம் படித்திருக்கிறோம். 1929ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒரு சிறு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது. படுக்கை ஒதுக்கப்படாத பயணிகளைப் பெருந்தொகையாக ஏற்றும் கப்பல்களுக்கு, யாத்திரைக் கப்பல்கள் போன்றவற்றுக்கு, முழு விதிகளிலிருந்து விலக்குத் தரலாம். அந்த விலக்குக்கு ஈடாக 1931இல் சிம்லா விதிகள் வந்தன. 1971இல் புது ஒப்பந்தம் வரும்வரை இந்தியப் பெருங்கடலில் தளப் பயணியின் உயிரை அளந்த கோல் அதுதான். டைட்டானிக்கின் பாடம் அறைப் பயணிக்கு முழுதாகவும் பாய் விரித்தவருக்குச் சுருக்கமாகவும் சொல்லித்தரப்பட்டது. 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்ற முழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பொருளியலாளர்கள் 18 கப்பல் விபத்துகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். டைட்டானிக் ஒரு விதிவிலக்கு. மொத்தமாகப் பார்த்தால் பெண்களைவிட ஆண்களே அதிகம் பிழைத்திருக்கிறார்கள்.

நான் கடலில் போனதில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடி-கொழும்பு பயணிகள் கப்பலை மறுபடி விட்டபோது விடுமுறையில் போய்வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஸ்காட்டியா பிரின்ஸ் என்று பெயர். ஆயிரம் பேருக்குமேல் ஏறலாம். என் விடுமுறைக்குள் கப்பல் நின்றுபோனது, நவம்பரோடு சரி. பிள்ளையோடு நான் செய்த பயணம் வானத்தில்தான்.

2012 நவம்பர். மகளுக்கு ஏழு மாதம். பிள்ளைத்தமிழ்க் கணக்கில் செங்கீரை முடிந்து, சப்பாணிக்குக் காத்திருக்கும் பருவம். சென்னையிலிருந்து வாகைக்குளத்துக்கு, இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானம். அப்போது எங்கள் ஓடுபாதை குட்டையானது, பெரிய விமானம் இறங்காது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும் நடைமுறை அதேதான். குழந்தைக்குக் கட்டணம் வாங்கினார்கள். இருக்கை இல்லை. பணிப்பெண் ஒரு வளையப் பட்டையைக் கொடுத்து, அதன் காதை என் இடுப்புப் பட்டையில் கோத்து, குழந்தையின் வயிற்றைச் சுற்றி மாட்டச் சொன்னாள். எனக்கு உடனே பூட்டியின் சேலை நினைவுக்கு வந்தது. தொண்ணூறு வருடத்தில் முடிச்சு மட்டும் கொக்கியாகியிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை மேகம். மதுரை தாண்டியதும் விமானம் ஆடத் தொடங்கியது. பட்டை இறுக்கமாக இருந்ததால் மகள் வீறிட்டாள், பால் கொடுக்க வேண்டியிருந்தது, கொக்கியைக் கழற்றினேன். இதைச் சொல்வதில் இப்போது எனக்குக் கூச்சம் இல்லை. பல வருடம் இருந்தது. அடுத்த நொடி விமானம் சட்டென்று இறங்கியது. விமானம் கீழே விழும் வேகம், பிடிக்கப்படாத உடல் தானாக விழும் வேகத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த உடல் மேலே போவதுபோல் இருக்கும். மகள் என் கையிலிருந்து எழும்பினாள். முன்னிருக்கையின் பின்புறத்தில் நெற்றி இடித்தது. இரண்டு தையல், அவ்வளவுதான். இடது புருவத்துக்கு மேல் சின்னதாக ஒரு கோடு இன்னும் இருக்கிறது.

நான் எழுத வந்தது அந்தக் கோட்டைப் பற்றியல்ல, அதற்குப் பிறகு சொல்லப்பட்டவை பற்றி. பக்கத்து இருக்கைக்காரர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "தாய் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டாம்மா? கெட்டியாப் பிடிச்சுக்கோங்க." வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார்: "நீதானே வச்சிருந்த? எப்படி விட்ட?" கணவர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் பார்த்த பார்வையும் அதே கேள்விதான். இருக்கை கொடுக்காதவரை யாரும் கேட்கவில்லை. என்னையும் அறியாமல் நானும் கேட்கவில்லை. விட்டவள் நான் என்று நானே நம்பினேன்.

ஏன் நம்பினேன் என்று பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் கைகளுக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை எந்தக் கைகளாலும் செய்யக்கூடியதல்ல. பெரிய பயணிகள் விமானங்களுக்கு 1988 முதல் அமெரிக்காவில் வந்த விதிப்படி, இருக்கை முன்னோக்கிய மோதலில் புவியீர்ப்பைப் போல் பதினாறு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். ஏழரைக் கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 120 கிலோ. ஒரு மூட்டை உப்பைவிட அதிகம். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களை எனக்குத் தெரியும். தலையில் சுமப்பார்கள், பறந்து போகிற மூட்டையைக் கையால் நிறுத்துவதில்லை. வளையப் பட்டையின் கதையோ இன்னும் மோசம். 1994இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் ஓக்லஹோமா ஆய்வகம் குழந்தைப் பொம்மைகளை வைத்துச் சோதித்தது. தாயின் இடுப்போடு கோத்த பொம்மை முன்னால் வீசப்பட, மடங்கி விழுந்த பெரியவரின் உடல் அதை நசுக்கியது. அமெரிக்காவில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பட்டைக்கு அனுமதி இல்லை. ஐரோப்பிய விதிகளில் இடம் உண்டு. நமக்கும் கொடுக்கிறார்கள். பலமான ஆட்டத்தில் பிள்ளை பறக்காமல் அது காக்கும், அந்த மட்டுக்கும் அதை மாட்டத்தான் வேண்டும். மோதலில் காப்பதற்கென்று அது செய்யப்படவில்லை.

ஜேன் பிரவுன் என்ற பெண்ணைப் பற்றி நம் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ புறப்பட்ட யுனைட்டெட் 232 விமானத்தின் மூத்த பணிப்பெண் அவர். கட்டுப்பாட்டை இழந்த விமானத்தை விமானிகள் எப்படியோ ஐயோவா மாநிலத்தின் சூ நகரம்வரை கொண்டுவந்தார்கள். மடியில் நான்கு குழந்தைகள் இருந்தார்கள். கையேட்டில் இருந்தபடி, குழந்தைகளைப் போர்வை தலையணை வைத்துத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி ஜேன் பிரவுன் பெற்றோரிடம் சொன்னார். விமானம் ஓடுபாதையில் மோதி உடைந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்த நால்வரில் ஒரு குழந்தை, இரண்டு வயது நிரம்பாதவன், பிழைக்கவில்லை. புகைக்குள் திரும்பி ஓடப் பார்த்த தாயைத் தடுத்து நிறுத்தியவரும் ஜேன் பிரவுன்தான். நான் சொன்னேன், அவர் செய்தார் என்ற நினைவோடுதான் அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் இருக்கை, இருக்கையில் குழந்தைக்கான தாங்கி என்ற ஒரே கோரிக்கையை வைத்துப் பல பத்தாண்டுகள் அலைந்தார்.

அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியம் அவர் பக்கம் நின்றது. விமானத் துறை மறுத்தது, 2005இலும் மறுத்தது. காரணம் இதுதான்: இரண்டாவது டிக்கெட் வாங்க வேண்டுமென்றால் குடும்பங்கள் காரில் போகும், சாலையில் அதைவிட அதிகம் குழந்தைகள் இறக்கும். கணக்கு பொய்யல்ல, சாலை ஆபத்தானதுதான். ஆனால் டிக்கெட் விலையை மழை வெயில் போல மாற்ற முடியாத ஒன்றாக வைத்துக்கொண்டு, தாயின் மடியை மட்டும் எந்தச் செலவும் இல்லாத பொருளாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. வீட்டுவேலைக்குக் கணக்கு எழுதாத அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது.

இனி திசைக்கு வருகிறேன். பூட்டி முதுகைக் காட்டி உட்கார்ந்ததற்கு.

ஓடும் வண்டி திடீரென்று நிற்கும்போது உடல் முன்னால் போகப் பார்க்கும். முன்னோக்கி உட்கார்ந்தவரை இடுப்பில் ஒரு பட்டை மட்டும் நிறுத்தும். தலையும் கைகளும் மடங்கி வீசப்படும். பின்னோக்கி உட்கார்ந்தவரை முதுகுச் சாய்மானம் முழுதாக ஏந்திக்கொள்ளும். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் ராக்கெட் சறுக்குவண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு இதையெல்லாம் சோதித்தவர். 1954இல் புவியீர்ப்பைப் போல் 46 மடங்கு விசையைத் தன் உடலில் வாங்கினார். பயணிகளைப் பின்னோக்கி உட்காரவைக்க வேண்டும் என்று தொடர்ந்து சொன்னவர். பிரிட்டிஷ் விமானப்படை தன் போக்குவரத்து விமானங்களில் அப்படியே செய்தது. சிப்பாய்க்குப் பின்னோக்கிய இருக்கை. டிக்கெட் வாங்கிய பயணிக்கு அது வரவில்லை. அவர்கள் விரும்ப மாட்டார்கள் என்றார்கள். விசை சாய்மானத்தின் உயரத்தில் விழுவதால் இருக்கையையும் தரையையும் கனமாகக் கட்ட வேண்டும், கனம் என்றால் எரிபொருள். விமானம் ஏறும்போது பயணி பட்டையில் தொங்குவார், மோதலில் அவிழ்ந்த பொருள்கள் முகத்தில் அடிக்கும் என்ற ஆட்சேபங்களும் உண்டு. அவை உண்மையே.

காரில் மட்டும் குழந்தைக்காக இந்த அறிவு தப்பிப் பிழைத்தது. சுவீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் 1960களில், விண்வெளி வீரர்கள் முதுகு தாங்கப் படுத்திருப்பதைப் பார்த்து, பின்னோக்கிய குழந்தை இருக்கையைச் செய்தார். இன்று பல நாடுகளில் கைக்குழந்தையை வேறு விதமாகக் காரில் வைப்பதே குற்றம். அதே குழந்தை விமானத்தில் ஏறியதும் மடிக்கு வந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், 2000ஐ ஒட்டி பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் உயர்வகுப்பில் படுக்கையாக விரியும் இருக்கைகளைப் போட்டபோது பாதியைப் பின்னோக்கி வைத்தது. பாதுகாப்புக்காக அல்ல. ஒருவர் தோளும் மற்றவர் காலும் எதிரெதிராக இருந்தால் அதே அகலத்தில் கூடுதல் படுக்கை அடங்கும்.

எங்கள் வாகைக்குளம் விமானத்திலும் பின்னோக்கி உட்காருகிறவர் ஒருவர் இருக்கிறார். முன்வரிசைக்கு எதிரே, மடக்கு இருக்கையில், நம்மைப் பார்த்தபடி அமரும் பணிப்பெண். அவருக்கு இடுப்புப் பட்டையோடு இரண்டு தோள் பட்டைகளும் உண்டு. விபத்து நடந்தால் நம்மை வெளியேற்ற அவர் உயிரோடும் நினைவோடும் இருக்க வேண்டும் என்பதால் விதி அப்படி. சரியான விதி. எது பத்திரமான இருக்கை என்று அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அந்த இருக்கையில் அமர்ந்தவளின் மடியைப் பற்றியும் ஒரு விதி இருந்தது. ஏர் இந்தியாவின் பணிப்பெண் முதல் கருத்தரிப்போடு வேலையை விட்டுப் போக வேண்டும். நான்கு ஆண்டுக்குள் திருமணம் கூடாது. 35 வயதில் ஓய்வு, அதற்குமேல் நிர்வாக இயக்குநர் மனம் வைத்தால் நீட்டிப்பு. நர்கேஷ் மீர்சாவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கருத்தரிப்பு விதியையும் இயக்குநரின் தன்விருப்ப அதிகாரத்தையும் ரத்து செய்தது. நான்கு ஆண்டுத் திருமணத் தடையை நியாயம் என்று விட்டுவிட்டது. ஆக, ஒரே விமானத்துக்குள் இரண்டு மடிகள். ஒன்று பிள்ளையே இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். இன்னொன்று இருக்கைக்குப் பதிலாக வேலை செய்ய வேண்டும். இரண்டுக்கும் சம்மதம் கேட்கப்படவில்லை.

எண்ணிக்கையின் கதையை முடித்துவிடுகிறேன். புது விமானம் ஒன்று அனுமதி பெறுவதற்கு, எல்லாரையும் 90 வினாடிக்குள் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். அமெரிக்க விதியில் அந்தச் சோதனைக்கு யார் யார் வேண்டும் என்று இருக்கிறது. குறைந்தது நூற்றுக்கு 40 பேர் பெண்கள். 35 பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பிறகு, ஆளளவு பொம்மைகள் மூன்று. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளாக அவற்றைப் பயணிகள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்தப் பொம்மைகள் மொத்தப் பயணிகள் எண்ணிக்கையில் சேராது. அதைப் படித்த அன்று நான் கப்பல் சட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடலில் ஒரு வயது, வானத்தில் இரண்டு வயது. 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதை தாண்டி விழுந்து உடைந்தபோதும் செய்திகள் அப்படித்தான் எண்ணின: 174 பயணிகள், 10 கைக்குழந்தைகள், 6 பணியாளர்கள். குழந்தைகள் தனிக் கணக்கு.

இருக்கைச் சோதனைக்குப் பயன்படும் பொம்மையோ சராசரி ஆண், 77 கிலோ. கருவுற்ற பெண்ணுக்குப் பட்டையை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் போடச் சொல்கிறார்கள். அந்த உடலை வைத்து அந்த இருக்கையைச் சோதிக்க விதி கேட்கவில்லை. 2022இல் சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் சராசரிப் பெண்ணின் அளவில் ஒரு கார் மோதல் பொம்மையைச் செய்து காட்டினார்கள்: 162 சென்டிமீட்டர், 62 கிலோ. ஏறக்குறைய நான்.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் சொல்வார்கள். முத்தோ சங்கோ எடுக்க மூழ்குகிறவரின் கயிற்றை வள்ளத்தில் பிடித்திருப்பவர் அவருடைய மச்சானாக, மனைவியின் உடன்பிறந்தவராக இருக்க வேண்டும். கயிறு ஆடியதும் இழுக்காமல் அசந்துவிட்டால் அறுவது தன் தங்கையின் தாலி என்று அவருக்குத் தெரியும். கேட்டவர்கள் எல்லாரும் வியப்பார்கள், நானும் மேடைகளில் வியந்து பேசியிருக்கிறேன். மகளின் நெற்றித் தையலுக்குப் பிறகு அதை வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கினேன். கரையில் இருக்கும் ஒருத்தி, வள்ளத்தில் கால் வைக்கவே விடப்படாத ஒருத்தி, அந்தக் கயிற்றின் பிணையாக வைக்கப்பட்டிருக்கிறாள். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒன்று இருக்கிறது: கயிற்றை நழுவவிட்டால் அது பிடித்தவரின் பிழை, மூழ்கியவரின் பிழை இல்லை. விமானத்தில் கயிறும் நான், வள்ளமும் நான், நழுவினால் பிழையும் நான்.

மகளுக்கு இப்போது பதின்மூன்று முடிந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு, "நீ என்னைக் கீழ போட்டதும்மா" என்று கேலி செய்வாள். முன்பெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். போன வருடம் ஒரு நாள், "போடலடி, உனக்கு சீட் தரல" என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "காசு வாங்கினாங்களா?" என்றாள். "வாங்கினாங்க" என்றேன்.

வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தாயிற்று. ஓடுபாதை மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. திறந்து சில மாதம் கழித்துச் சென்னைக்கு ஒரு கருத்தரங்குக்குப் போனேன். என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், காயல்பட்டினத்துக்காரி, மடியில் நாலைந்து மாதக் குழந்தை. முதல் முறை பறக்கிறாளாம். பணிப்பெண் வளையப் பட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

"அக்கா, இத எப்படி மாட்டுறது?"

வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். குழந்தையின் வயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல் விட்டுப் பார்த்தேன். ஆடினால் கழற்றாதே, அழுதாலும் பரவாயில்லை என்று சொன்னேன். நழுவினால் உன் தப்பில்லை என்றும் சொல்ல நினைத்தேன். ஏறப்போகிற நேரத்தில் அதைச் சொல்வதா என்று விட்டுவிட்டேன். விமானம் திரும்பி ஓடுபாதையின் முனையில் நின்றது. எதிரே பணிப்பெண் மடக்கு இருக்கையை இழுத்து எங்களைப் பார்த்து உட்கார்ந்தாள். இடது தோள் பட்டை, வலது தோள் பட்டை, இடுப்பு. மூன்றையும் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.